பேண்தகு சமையலறை

பேண்தகு சமையலறை என்பது ஒரு குடும்பத்தின் உணவைச் சமைத்தல், பாதுகாத்தல், பரிமாறல், எஞ்சியதை அகற்றல் ஆகிய பணிகளை எரிபொருளும் நீரும் உணவுப்பொருளும் வீணாகாமலும், காற்றும் மண்ணும் நீர்நிலைகளும் கெடாமலும் செய்யும் சமையலறை ஆகும். பசுமைச் சமையலறை, சூழலுக்கு உகந்த சமையலறை ஆகிய பெயர்களாலும் இது அழைக்கப்படுகிறது. சமையலறையின் நடைமுறை நாட்டுக்கு நாடு வேறுபடும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் நகரம் அல்லது சிறுநகரத்தில் நான்கு பேர் வாழும் ஒரு வீட்டின் சமையலறையை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

இவ்வகைச் சமையலறை பற்றிய பேச்சு பெரும்பாலும் நெகிழிப் பை, கண்ணாடிப் புட்டி, மூங்கில் கரண்டி ஆகியவற்றிலேயே தொடங்குகிறது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் சமையலறையின் சூழல் சுமையில் பெரும்பகுதி இரண்டு இடங்களில் அமைந்துள்ளது: ஒன்று அடுப்பில் எரியும் வெப்பம், மற்றொன்று சமைத்தபின் அல்லது சமைக்காமலே வீசப்படும் உணவு. நீர், குளிர்பதனப் பெட்டி, குப்பை ஆகியவை அடுத்த நிலையில் வருகின்றன.

பின்னணி

பேண்தகு வளர்ச்சி என்ற கருத்து 1987ஆம் ஆண்டில் புருண்ட்லாண்ட் ஆணைக்குழுவின் அறிக்கைவழி உலகெங்கும் பரவியது. வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்துகொள்ளுதல் என்பது அதன் சாரம். அதற்கு முன்னரே இந்தியாவில் சமையலறையை ஒட்டிய ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் நோக்கம் விறகையும் புகையையும் குறைப்பதாக இருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உருவான அஸ்திரா ஒலெ என்னும் மூன்று பாத்திர விறகடுப்பும், கேரள சாத்திர சாகித்திய பரிசத்து பரப்பிய புகைபோக்கி அடுப்பும் இவற்றுள் பெயர் பெற்றவை. நடுவண் அரசும் 1980களில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

பழைய சமையலறையில் எல்லாம் இயற்கையோடு இயைந்திருந்தன என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது பாதி உண்மையே. மண்பானை, வாழை இலை, கழுநீர்த் தொட்டி ஆகியவை கழிவைக் குறைத்தன. ஆனால் விறகடுப்பின் புகை அதன் முன் அமர்ந்திருந்த பெண்களின் நுரையீரலையும் கண்களையும் கெடுத்தது. திறந்த விறகடுப்பில் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி பாத்திரத்தைச் சேராமலே வீணானது. வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்தனர் என உலக நல்வாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. எனவே விறகிலிருந்து எரிவாயுவுக்கு மாறியது பேண்தகு சமையலறைக்கு எதிரான நகர்வு அன்று. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுத் தேர்தலை அடுத்து ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கப்பட்டது. நாடு தழுவிய உச்சுவலா திட்டம் 2016 மே மாதம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் பயன்படும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது.

அடுப்பும் வெப்பமும்

வீட்டுக்கு வரும் எரிவாயு உருளையில் 14.2 கிலோகிராம் எரிவாயு உள்ளது. இதன் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 650 மெகாஜூல், அதாவது 180 மின் அலகுக்கு (யூனிட்) ஈடானது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் 3 கிலோ அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும்; ஓர் உருளைக்கு இது 42 கிலோவை ஒட்டி வருகிறது. ஒரு குடும்பம் ஆண்டுக்கு எட்டு முதல் பன்னிரண்டு உருளைகள் பயன்படுத்துவதாகக் கொண்டால் 340 முதல் 500 கிலோ வரை கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது.

இவ்வெப்பத்தில் எவ்வளவு உணவைச் சேர்கிறது என்பது சமைக்கும் முறையைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொள்ள நீரின் இரு பண்புகளை அறிந்தால் போதும். 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் உள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 293 கிலோஜூல் வெப்பம் தேவை. கொதிக்கும் அதே நீர் முழுவதையும் ஆவியாக்க 2257 கிலோஜூல் தேவை. இது ஏழு மடங்குக்கும் மேல். நீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதன் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டாது. கூடுதல் தீ நீரை ஆவியாக்க மட்டுமே பயன்படும், பருப்பு விரைவில் வேகாது. திறந்த பாத்திரத்திலிருந்து 130 மில்லிலிட்டர் நீர், அதாவது ஒரு சிறு குவளை அளவு, ஆவியாகிப் போவதும் ஒரு லிட்டர் நீரை அடுப்பில் ஏற்றிக் கொதிக்க வைப்பதும் வெப்பக் கணக்கில் சமம். கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடி போடுவது இதனாலேயே சமையலறையின் மிக மலிவான சீர்திருத்தமாகிறது.

பிரஷர் குக்கரில் (அழுத்தச் சமையற்கலம்) நீராவி அடைபட்டு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரு மடங்கை நெருங்குகிறது. அந்நிலையில் நீர் ஏறத்தாழ 120 பாகையில் கொதிக்கும். வெப்பநிலை கூடுவதால் பருப்பும் அரிசியும் வேகும் நேரம் வெகுவாகக் குறைகிறது. முதல் சீழ்க்கை (விசில்) வந்தவுடன் தீயைக் குறைக்காமல் விட்டால் ஒவ்வொரு சீழ்க்கையிலும் ஆவியும் வெப்பமும் வெளியேறும். சீழ்க்கைகளை எண்ணுவதை விட, முதல் சீழ்க்கைக்குப் பின் சிறு தீயில் நிமிடக் கணக்கில் வைப்பதே முறையானது. கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றை முந்தைய இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் மேலும் குறையும். அரிசியைக்கூட அரை மணி நேரம் ஊறவைத்தல் பயன் தரும்.

வடித்த சோறு தமிழர் சமையலில் வேரூன்றிய முறை. இதற்கு அரிசியின் அளவைப் போல் ஐந்தாறு மடங்கு நீர் வைக்கப்படுகிறது. வடிக்கும்போது கொதிக்கும் கஞ்சியுடன் அதன் வெப்பமும் வெளியேறுகிறது. கஞ்சியைக் குடித்தாலோ கால்நடைக்கு வைத்தாலோ உணவு வீணாவதில்லை, வெப்பம் மட்டும் வீணாகும். வடித்த சோற்றின் பதத்தையும் சுவையையும் விரும்பும் குடும்பத்தினர் அதை விட்டுவிட வேண்டியதில்லை. மேற்கூறிய பிற வழிகளில் அதைவிடக் கூடுதலாக மிச்சப்படுத்த இயலும்.

சூடாறாப்பெட்டி

கொதித்த உணவைத் தீயிலிருந்து இறக்கி, வெப்பம் வெளியேறாதபடி காப்பிட்ட பெட்டியில் வைத்தால் அது தன் வெப்பத்திலேயே வெந்துவிடும். ஐரோப்பாவில் வைக்கோல் பெட்டி என்ற பெயரில் இது அறியப்பட்டிருந்தது. கேரளத்தில் சாத்திர சாகித்திய பரிசத்து 'சூடாறாப்பெட்டி' என்ற பெயரில் இதைப் பரப்பியது. நெடுநேரம் வேகும் கேரளச் செவ்வரிசிக்கு இது மிகவும் பொருத்தமாக அமைந்தது. அரிசியைச் சில நிமிடங்கள் கொதிக்க வைத்துப் பாத்திரத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடினால் சுமார் ஒரு மணி நேரத்தில் சோறு பதமாகும். இன்று இதே தத்துவத்தில் இயங்கும் எவர்சில்வர் வெப்பக் காப்புக் கலங்கள் கடைகளில் கிடைக்கின்றன. பழைய பருத்திப் போர்வையும் ஓர் அட்டைப் பெட்டியும் கொண்டு வீட்டிலேயே இதனைச் செய்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டுக் கல்சட்டியும் ஓரளவு இதே வேலையைச் செய்கிறது. மாக்கல்லில் குடைந்த இச்சட்டியில் வத்தக்குழம்பு இறக்கிய பிறகும் சற்று நேரம் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே குழம்பு முழுப் பதம் அடைவதற்கு முன்னரே தீயை அணைப்பது வழக்கம். தடித்த அடிப்பாகம் உள்ள எல்லாக் கலங்களுக்கும் இது சிறிதளவு பொருந்தும்.

சூரிய அடுப்பு மற்றொரு வழி. விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள ஆரோவில்லின் பொதுச் சமையலறைக் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ண வடிவ ஆடி, வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கும்படி அமைக்கப்பட்டது. ஒரு குடும்பத்திற்கு ஏற்றது கண்ணாடி மூடியிட்ட பெட்டி வகை அடுப்பே. ஆனால் அதற்கு வெயில் படும் மொட்டை மாடியும், இரண்டு மூன்று மணி நேரமும் தேவை. காலை எட்டு மணிக்குள் சமையலை முடித்தாக வேண்டிய வீடுகளில் இது நிலைபெறாததில் வியப்பில்லை.

எரிவாயுவா, மின்சாரமா?

தூண்டல் அடுப்பு (இண்டக்சன் அடுப்பு) மின்சாரத்தின் ஏறத்தாழ 85 விழுக்காட்டைப் பாத்திரத்தின் வெப்பமாக மாற்றுகிறது. எரிவாயு அடுப்பின் குறைந்தபட்ச வெப்பத் திறன் 68 விழுக்காடாக இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. சிறு பாத்திரத்தின் பக்கவாட்டில் தீ பரவும்போது நடைமுறைத் திறன் இதனினும் குறையும். இவ்விரு எண்களை மட்டும் பார்த்தால் தூண்டல் அடுப்பே சூழலுக்கு உகந்ததாகத் தோன்றும். விளம்பரங்களும் இவ்வாறே கூறுகின்றன.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இந்திய மின் தொகுப்பில் நிலக்கரியின் பங்கு பெரிது. ஓர் அலகு மின்சாரத்திற்கு அண்மைய ஆண்டுகளில் ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகியுள்ளது. எனவே தூண்டல் அடுப்பில் ஓர் அலகு அளவு வெப்பத்தைப் பாத்திரத்திற்குச் செலுத்த 0.8 கிலோவுக்கு மேல் உமிழ்வு ஏற்படுகிறது. மின்கம்பி வழியே நேரும் இழப்பு இதில் சேரவில்லை. எரிவாயு அடுப்பில் அதே அளவு வெப்பத்திற்கு உமிழ்வு 0.35 கிலோ அளவே. அடுப்பின் திறனை 50 விழுக்காடாகக் குறைத்துக் கொண்டாலும் இது அரைக் கிலோவை எட்டாது. கரிம உமிழ்வை மட்டும் கருதினால், மின் தொகுப்பின் இன்றைய நிலையில் எரிவாயுவே குறைந்த சுமை தருவது.

வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் இக்கணக்கு தலைகீழாக மாறுகிறது. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் திறனுள்ள தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு அலகு மின்சாரம் தரவல்லது. ஆனால் அது நண்பகலை ஒட்டிய நேரத்தில் கிடைக்கிறது. சமையல் நடப்பதோ அதிகாலையிலும் இரவிலும். மாவு அரைத்தல், பருப்பு வேகவைத்தல், சோறாக்கிச் சூடாறாப்பெட்டியில் வைத்தல் ஆகியவற்றைப் பகலுக்கு மாற்ற இயலும் வீடுகளுக்கு இது கூடுதல் பயன் தரும். கூரைச் சூரிய மின்சாரத்திற்கு மானியம் வழங்கும் நடுவண் அரசின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. தொகுப்பில் காற்றாலை, சூரிய மின்சாரத்தின் பங்கு கூடக்கூட, தகடு இல்லாத வீடுகளிலும் மின் அடுப்பின் சுமை குறைந்துவரும்.

கரிம உமிழ்வு மட்டுமே அளவுகோல் அன்று. எரிவாயுச் சுடர் நைட்ரசன் டை ஆக்சைடை அறைக்குள் வெளியிடுகிறது. தூண்டல் அடுப்பில் சுடர் இல்லை. காற்றோட்டம் இல்லாத சிறு அடுக்ககச் சமையலறையில் இது கருதத்தக்க நன்மை. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 அலகு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுவதால் பல குடும்பங்களுக்கு மின் அடுப்பு மலிவாகவும் உள்ளது. எனினும் செலவு குறைந்தது சூழலுக்கு உகந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உணவு வீணாதல்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் நேர்ந்ததாகவும் கணக்கிட்டது. இந்தியாவில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீடுகளில் வீணாவதாக அவ்வறிக்கை மதிப்பிட்டது. உலகச் சராசரி 79 கிலோ. இந்த எண்களில் தோல், எலும்பு போன்ற உண்ண இயலாத பகுதிகளும் அடங்கும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இதன்படி நான்கு பேர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 220 கிலோ.

வீசப்படும் உணவோடு அதை விளைவித்த நீரும் உரமும் எரிபொருளும் சேர்ந்தே வீணாகின்றன. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியாக ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் செலவாகிறது. இதில் மழைநீரும் பாசன நீரும் அடங்கும். ஒரு கிலோ அரிசி இரண்டரை முதல் மூன்று கிலோ வரை சோறாகிறது. எனவே தட்டில் மீந்த 100 கிராம் சோற்றுக்குப் பின்னால் ஏறத்தாழ 90 லிட்டர் நீர் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி நகரத்தில் ஒருவருக்குக் குடிக்க 5 லிட்டர், சமைக்க 5 லிட்டர், பாத்திரம் கழுவ 10 லிட்டர் என நாளொன்றுக்கு 20 லிட்டர் ஒதுக்கப்படுகிறது. நான்கு பேருக்கு 80 லிட்டர். ஒரு கைப்பிடிச் சோற்றில் வீணாகும் நீர், அந்த வீட்டின் சமையலறைக் குழாயில் ஒரு நாள் முழுவதும் வரவேண்டிய நீரை விடக் கூடுதல். வெள்ளம் நிற்கும் நெல்வயல்கள் மீத்தேன் வெளியிடுவதும் இச்சுமையோடு சேரும். பால், இறைச்சி ஆகியவற்றுக்குக் கால்நடைத் தீவனத்தையும் கால்நடைகள் வெளிவிடும் மீத்தேனையும் கணக்கில் சேர்க்க வேண்டியுள்ளது.

தமிழர் சமையலில் எஞ்சிய உணவைப் பயன்படுத்தும் வழிகள் நிரம்ப உள்ளன. மீந்த சோற்றில் நீரூற்றி மறுநாள் பழைய சோறாக உண்ணல், புளித்த தோசை மாவில் ஊத்தப்பம் வார்த்தல், சோற்றைப் பிசைந்து வடகம் இடல், மோர் மிளகாயும் வத்தலும் உலர்த்தல் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. வாழையில் பூ, தண்டு, காய், பழம் ஆகிய அனைத்தும் உணவாகின்றன, இலை உண்கலமாகிறது. பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பதும், தர்ப்பூசணியின் வெண்பகுதியைக் கூட்டில் சேர்ப்பதும் இவ்வகையின. பழைய சோறு போன்ற நொதித்த உணவுகள் மண்பானையில் கெடாமல் இருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கோடைக்காலத்தில் சமைத்த சோற்றை நீரூற்றாமல் நெடுநேரம் வெளியே வைத்துப் பின்னர் சூடாக்கி உண்பது நச்சுணவு நோய்க்கு இட்டுச் செல்லக்கூடும்.

இன்றைய வீடுகளில் வீணாகும் உணவில் பெரும்பகுதிக்குச் சமையல் அறிவின் குறைவு காரணமாகத் தோன்றவில்லை. வாரத்திற்கு ஒருமுறை மொத்தமாகக் காய்கறி வாங்குதல், யார் எந்த வேளை வீட்டில் உண்பார் என்பது தெரியாமல் சமைத்தல், விருந்தில் குறைந்துவிடக் கூடாது என்ற அச்சம் ஆகியவையே முதன்மையான காரணங்கள். கீரையையும் கொத்தமல்லியையும் அன்றாடம் தள்ளுவண்டியில் வாங்கும் வழக்கம் உள்ள தெருக்களில் அவை அழுகி வீணாவது அரிது. சமைப்பதற்குமுன் 'இரவு யார் யார் சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்டறிதல், விலையேதும் இல்லாத ஒரு பேண்தகு கருவி.

குளிர்பதனப் பெட்டி

நாள் முழுவதும் இயங்கும் ஒரே சமையலறைக் கருவி இது. இந்தியாவில் எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திரக் குறியீடு 2006இல் அறிமுகமாகி, உறைபனி படியாத வகைப் பெட்டிகளுக்கு 2010 முதல் கட்டாயமானது. குறியீட்டின் தரம் அவ்வப்போது உயர்த்தப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. வாங்கும்போது ஆண்டு நுகர்வாக அச்சிடப்பட்டுள்ள அலகு எண்ணைப் பார்ப்பதே சரி. பெட்டியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைத்தலும், கதவின் இரப்பர் விளிம்பு இறுக மூடுகிறதா எனப் பார்த்தலும் போதிய பராமரிப்பாகும்.

குளிர்விக்கும் வளிமமும் கவனிக்கத்தக்கது. ஓசோன் படலத்தை அரித்த குளோரோபுளோரோகார்பன்கள் 1987ஆம் ஆண்டின் மொண்ட்ரியால் நெறிமுறைப்படி விலக்கப்பட்டன. அவற்றுக்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தாக்குவதில்லை. ஆனால் புவி வெப்பமூட்டலில் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வலியது. புதிய வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன் உள்ளது. இதன் வெப்பமூட்டும் ஆற்றல் மிகக் குறைவு. பழைய பெட்டியைக் குழாயை வெட்டி எடுக்கும் பழைய இரும்புக் கடைக்குத் தருவதால் வளிமம் முழுவதும் காற்றில் கலந்துவிடும்.

நீர்

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு அனைத்துக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, குடும்பங்கள் குடத்துடன் சரக்குந்துக்குக் காத்திருக்க நேர்ந்தது.

திறந்துவிட்ட குழாயில் நிமிடத்திற்குப் பத்து லிட்டர் அளவு நீர் ஓடும். பத்து நிமிடம் பாத்திரம் துலக்கினால் 100 லிட்டர். இரண்டு தொட்டி முறையிலும், குழாய் முனையில் காற்றுக் கலப்பி பொருத்தியும் இதைப் பாதிக்கும் குறைவாக்கலாம். அரிசி, பருப்பு கழுவிய நீரைச் செடிகளுக்கு ஊற்றுதல் எளிது. கொல்லைப்புறம் இருந்த வீடுகளில் பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கே பாய்ந்தது; மாடிக் குடியிருப்பில் அதற்கு வழியில்லை.

எதிர் சவ்வூடு பரவல் முறையில் (ஆர்.ஓ.) நீரைத் தூய்மையாக்கும் கருவிகள் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. மொத்தக் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவிகளைத் தடைசெய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் ஆணையிட்டது. உப்பு நீர் வரும் ஆழ்துளைக் கிணற்று வீடுகளில் இக்கருவி தேவையே. அங்குக் கழிவுநீரை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் பாத்திரத்தை முதல் முறை அலசவும் பயன்படுத்தலாம். உப்பு மிகுதி என்பதால் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றுவது நல்லதன்று.

பயன்படுத்திய எண்ணெயைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றினால் அது குழாயில் படிந்து அடைப்பை உண்டாக்கும். உணவுக் கடைகளிலிருந்து இவ்வெண்ணெயைப் பெற்று உயிரி டீசலாக்கும் திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018இல் தொடங்கியது.

மக்கும் குப்பை

காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு போன்றவை குப்பை மேட்டில் காற்றுப்படாமல் புதையும்போது நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் இது கார்பன் டை ஆக்சைடை விட ஏறத்தாழ 27 மடங்கு வெப்பமூட்ட வல்லது. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு 2022 ஏப்ரலில் தீப்பற்றிச் சுற்றுப்புற மக்கள் புகையில் தவித்தனர். அதை அடுத்துள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அதே ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு வீட்டின் வாழைக்காய்த் தோல் இறுதியில் சேருமிடம் இத்தகைய மேடுகளே.

வீட்டிலேயே உரமாக்கல் இதைத் தவிர்க்கிறது. உரமாக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் நைட்ரசனும் ஏறத்தாழ 25 முதல் 30 பங்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் தேவை. சமையலறைக் கழிவில் நைட்ரசனும் ஈரமும் மிகுதி. ஆகவே அதே கொள்ளளவு சருகு, தென்னை நார்க் கழிவு, கிழித்த செய்தித்தாள் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். துளையிட்ட மண்தொட்டி ஒன்று நிறைந்ததும் மற்றொன்றை நிரப்பத் தொடங்கினால், இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது பெரும்பாலும் உரமாகியிருக்கும்; இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். பெங்களூரில் இத்தகைய அடுக்குத் தொட்டிகள் 2000களில் பரவின. தொட்டியின் நிலையை மணத்தால் அறியலாம். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தால் நைட்ரசன் மிகுதி. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை. இரண்டுக்கும் தீர்வு சருகைச் சேர்த்துக் கிளறிவிடுவதே. மீன், இறைச்சிக் கழிவும் எண்ணெய் கலந்த உணவும் எலியையும் புழுவையும் ஈர்ப்பதால் தொடக்கத்தில் அவற்றைத் தவிர்ப்பது நன்று.

உணவுக் கழிவிலிருந்து சாண எரிவாயு போன்ற எரிவளி பெறும் சிறு கலன்களும் உள்ளன. புனேயில் ஆனந்த் கார்வே தலைமையிலான நிறுவனம் வடிவமைத்த கலனுக்கு 2006இல் ஆசுடன் விருது கிடைத்தது. எனினும் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிலோ ஈரக் கழிவிலிருந்து ஏறத்தாழ 0.1 கன மீட்டர் எரிவளி கிடைக்கும். நாளொன்றுக்கு ஒரு கிலோ கழிவு போடும் வீட்டிற்கு மாதம் மூன்று கன மீட்டர். அது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான சமையல் எரிவாயுவுக்கு ஈடு. உருளையில் இது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. மாட்டுச் சாணமோ அக்கம்பக்கத்து உணவுக் கழிவோ சேர்ந்தால்தான் நிலைமை மாறும். விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் இக்கலன் மிகவும் பொருந்தும்.

நெகிழி

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்கள் பதினான்கு வகை 2019 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டன. நாடு தழுவிய தடை 2022 சூலை 1இல் வந்தது. துணிப்பையை மீட்டெடுக்கும் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. ஒரு துணிப்பையைத் தயாரிக்க ஒரு நெகிழிப் பையை விடப் பன்மடங்கு வளம் செலவாகிறது. ஒரே பையை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் மட்டுமே அதன் நோக்கம் நிறைவேறும். திருமணங்களில் கிடைத்த மஞ்சள் பைகள் பத்துப் பதினைந்து வீட்டில் இருக்கும்போது 'சூழல் நட்பு' முத்திரையுடன் புதிய பை வாங்குவது பொருளற்றது. நன்றாக உள்ள நெகிழி டப்பாக்களை எறிந்துவிட்டுக் கண்ணாடிக் குடுவைகளாக மாற்றுவதும் அத்தகையதே. சூடான உணவை அவற்றில் இடாமல், உலர்ந்த பொருட்களுக்கு அவை தேயும்வரை பயன்படுத்தலாம்.

உழைப்பின் பங்கீடு

பேண்தகு சமையலறை பற்றிய வழிகாட்டல்கள் பெரும்பாலும் பேசாத பொருள் இது. ஊறவைத்தல், தரம் பிரித்தல், தொட்டி கிளறுதல், வற்றல் காயவைத்தல் ஆகிய ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டனர். அப்பணியில் ஈடுபட்ட ஆண்களின் விகிதமே மிகக் குறைவு. இந்நிலையில் 'பாட்டி காலத்து முறைக்குத் திரும்புவோம்' என்ற அழைப்பு, நடைமுறையில் பெண்களின் வேலையைக் கூட்டும் அழைப்பாக முடியக்கூடும். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் பதில் மின்கருவிகள் வந்ததை இக்கண்ணோட்டத்தில் பார்க்கவேண்டும். 2011 முதல் தமிழ்நாடு அரசு மிக்சியும் கிரைண்டரும் இலவசமாக வழங்கியது. வாரம் இருமுறை மாவரைக்க இவை செலவிடும் மின்சாரம் குளிர்பதனப் பெட்டியின் நுகர்வோடு ஒப்பிட்டால் சிறியது.

எனவே ஒரு வழிமுறையைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு கரிமத்தைக் குறைக்கும் என்பதோடு, யாருடைய எத்தனை நிமிடத்தைக் கேட்கும் என்பதும் பார்க்கப்பட வேண்டும். தீயைத் தணித்தல், மூடி போடுதல், சூடாறாப்பெட்டி ஆகியவை உழைப்பைக் கூட்டுவதில்லை. பெட்டியோ அடுப்படியில் நிற்கும் நேரத்தைக் குறைக்கிறது. உரத் தொட்டி, குப்பை தரம் பிரித்தல் ஆகியவை கூடுதல் வேலை. இவை வீட்டின் ஆண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் உரிய பணியாக ஒதுக்கப்படாவிடில், ஏற்கெனவே முழு நேரமும் சமையலறையில் நிற்பவர் மீதே விழும். சில மாதங்களில் கைவிடப்படவும் கூடும்.

வரம்புகள்

தனியொரு குடும்பம் மாற்ற இயலாதவை பல. மின் தொகுப்பில் நிலக்கரியின் பங்கு, நெல் வயலில் நீர் நிறுத்தும் முறை, உணவுப் பொருட்களின் உறையிடல் ஆகியவை வீட்டின் கைக்கு வெளியே உள்ளன. வீட்டில் மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் பிரித்தவரின் உழைப்பு வீணாகிறது. பல ஊர்களில் மக்கள் பிரிப்பதை நிறுத்துவதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 இதற்கு ஓர் இடைநிலை வழியைக் காட்டின. அவ்விதிகள் குப்பையை மூன்றாகப் பிரித்துத் தருவதை வீடுகளின் கடமையாக்கியதோடு, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்புள்ள குடியிருப்புகள் தம் மக்கும் கழிவை இயன்றவரை வளாகத்திற்குள்ளேயே உரமாகவோ எரிவளியாகவோ மாற்ற வேண்டும் என்றன. ஒரு வீட்டுக்குப் போதாத எரிவளிக் கலன் ஐம்பது வீடுகளுக்குப் பொதுவாக அமையும்போது பயன்தரும் அளவை எட்டுகிறது. மாடிக் குடியிருப்பில் இடமில்லாத உரத் தொட்டிக்கும் வளாகத்தின் ஒரு மூலை போதுமானது.